சொந்தப் பக்கம், அயல் பக்கம்

ஸும்ராவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது முந்தல் இறால் குஞ்சுப் பண்ணையில் எல்லோருக்கும் தெரியும். ஸும்ராவுக்கும் தெரியும். தொட்டி கழுவுகிறவளிடம் யார் இங்கிலீஷ் கேட்கப்போகிறார்கள்? பிளீச்சிங் பவுடர் எந்தப் பாஷைக்காரியின் கையையும் ஒரே மாதிரித்தான் வெடிக்க வைக்கும். நான்கு வருடமாக அவள் தொட்டி கழுவினாள், குழாய் தேய்த்தாள், வலை அலசினாள். ஒருவரும் அவளிடம் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்கவில்லை.

கேட்கிற காலம் ஷானிகாவால் வந்தது. ஷானிகா ஆய்வுகூட உதவியாளர், சிலாபத்துக்காரி. கலியாணம் முடித்த கையோடு மாப்பிள்ளையுடன் இத்தாலிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய இடத்துக்கு ஆள் வேண்டும். ஆய்வுகூடப் பொறுப்பாளர் கிளைட்டன் பகல் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் கூப்பிட்டு அறிவித்தார்.

"முதலாளியின்ட ஓர்டர் இது. லேப் புத்தகத்தின்ட கடைசியில சொல் லிஸ்ட் ஒண்டு இருக்கு. அதில அம்பது சொல்லுக்குக் கருத்துக் கேட்பன். நாப்பது சரியெண்டா வேலை. ஒருத்தரும் இல்லாட்டி சிலாபத்தில இருந்து ஆள் எடுக்கிறது. மூண்டு கிழமை டைம்."

இங்கிலீஷ் படித்த இரண்டொருவர் சிரித்துக்கொண்டு எழுந்து போனார்கள். அவர்களுக்கு ஆலங்குடா ஹோட்டல்களில் வெள்ளைக்காரர் காத்திருக்கையில் இறால் குஞ்சுடன் என்ன கதை? மிச்சப் பேர் பாத்திரம் கழுவப் போனார்கள். ஸும்ரா மட்டும் நின்றாள்.

"நான் எழுதுறன் சேர்."

கிளைட்டன் அவளை மேலும் கீழும் பார்த்தார். ஒன்பது வருடமாக அந்த ஆய்வுகூடத்தைத் தன் வீட்டுக் குசினி போல நடத்துகிற மனிதர் அவர். கெட்டவர் இல்லை. தனக்குத் தெரியாதது அந்த அறைக்குள் ஒன்றும் இல்லை என்ற எண்ணம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக உண்டு.

"நீங்க அறபு படிச்ச ஆள் எண்டுதானே சொன்னாங்க? மௌலவியாவுக்கு மைக்ரோஸ்கோப்பில என்ன வேலை?"

"பார்க்கிற வேலை, சேர்," என்றாள் ஸும்ரா.

அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. போன வருடம் ஷானிகா ஒருநாள் அவளைக் கூப்பிட்டு மைக்ரோஸ்கோப்புக்குள் பார்க்க விட்டிருந்தாள். உள்ளங்கையில் எடுத்தால் தூசியைப் போல இருக்கும் குஞ்சு, கண்ணாடிக்கு அடியில் ஒரு முழு உயிராகக் கிடந்தது. அதற்குள் ஒரு நெஞ்சு இருந்தது, அது அடித்துக்கொண்டும் இருந்தது. மூன்று வருடமாக அதுகளின் அழுக்கை நான் தேய்க்கிறேன், அதுகளின் நெஞ்சை வேறு யாரோ பார்க்கிறார்கள் என்று அன்றைக்கு அவளுக்கு ஆத்திரமாகவே வந்தது. அந்தக் கதிரையில் உட்கார வேண்டும் என்ற ஆசை அன்று பிடித்தது, பிறகு விடவே இல்லை. முப்பத்தொரு வயதில் வந்த ஆசை பதினாறு வயதில் வருகிறதைவிடப் பொல்லாதது.

லேப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் நூற்றுப் பன்னிரண்டு சொற்கள் இருந்தன. ஷானிகா போட்டோப் பிரதி எடுத்துக் கொடுத்து, ஒவ்வொரு நாளும் ஏழெட்டுக்குக் கருத்துச் சொல்லித் தருவதாகவும் ஏற்றுக்கொண்டாள். எழுத்துகள் ஸும்ராவுக்குத் தெரியும். கூட்டி வாசிக்கவும் வரும். ஆனால் சொற்கள் ஒரு காதால் புகுந்து மறு காதால் போயின. நான்காம் நாள் அவள் தனக்குத் தெரிந்த வழிக்கே திரும்பினாள்.

தெரிந்த வழி அறபு வழி. பதின்மூன்று வயதில் புத்தளத்தில் பெண்கள் அறபுக் கல்லூரி ஒன்றில் சேர்ந்து ஐந்து வருடம் ஓதிப் பட்டம் வாங்கியவள். அறபில் சொல்லைத் தனித்தனியாக யாரும் பாடமாக்குவதில்லை. மூன்று எழுத்து மூலத்தைப் பிடித்தால் போதும், குடும்பமே பின்னால் வரும். இல்ம் என்றால் அறிவு, ஆலிம் என்றால் அறிந்தவர், மஃலூம் என்றால் அறியப்பட்டது. எல்லாவற்றுக்குள்ளும் அதே மூன்று எழுத்து, அதே பொருள். ஓர் எழுத்துக்கூட்டம் இரண்டு சொல்லுக்குள் இருந்தால் அவை இரண்டும் உறவுக்காரர். ஐந்து வருடம் அவள் மனதில் ஊறிய சட்டம் அது. இங்கிலீஷுக்கும் அதுதானே சட்டமாக இருக்க வேண்டும்?

சீ.ஆர். கொப்பி ஒன்றை வாங்கினாள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஓர் எழுத்துக்கூட்டத்தை எழுதி, அதைச் சுமக்கும் சொற்களைக் கீழே வரிசையாக அடுக்கினாள். 'மீட்டர்' பக்கத்தில் தெர்மோமீட்டர், ரெஃப்ரக்டோமீட்டர், பாராமீட்டர். எல்லாம் அளக்கிற சங்கதி. 'பயோ' பக்கத்தில் பயோலொஜி, அன்டிபயோடிக், ப்ரோபயோடிக். எல்லாம் உயிர்ச் சங்கதி. ஒரே கிழமையில் முப்பது சொல் மனதில் ஒட்டிக்கொண்டது. இவ்வளவு லேசான பாஷைக்கா இந்தச் சனம் பயந்து சாகிறது என்று அவளுக்கு ஒரு பெருமிதம்கூட வந்தது.

கொப்பியைப் பார்த்த ஷானிகா முதலில் வியந்தாள். 'மீட்டர்' பக்கத்தின் அடியில் வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சாய்ந்துவிட்டாள்.

"அனே ஸும்ரா! சேமக்காலையை ஏன் இதில போட்டீங்க?"

வேலைக்கு வரும் பாதையில் கத்தோலிக்கர் பிணம் அடக்கும் சேமக்காலை இருந்தது. வாசல் பலகையில் 'செமெட்டரி' என்று இங்கிலீஷில் எழுதியிருந்ததை ஸும்ரா தினமும் பார்ப்பாள். நடுவில் மீட்டருக்குரிய எழுத்து அத்தனையும் ஒழுங்காக இருந்தது.

"அளக்கிற இடம்தானே மிஸ்," என்றாள் ஸும்ரா. "மனிசன் செய்த நன்மை தீமையை அளக்கிறது கபுறில இருந்துதானே தொடங்குது? உங்கட ஆக்களும் அதை நினைச்சுத்தான் பேர் வச்சிருக்காங்க எண்டு நினைச்சன்."

ஷானிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'குவான்டிட்டி' என்ற சொல்லையும் எதிர்ப்புச் சொற்களுக்கான 'அன்டி' பக்கத்திலிருந்து வெட்டினாள். "இது எதுக்கும் எதிர்ப்பு இல்ல. அளவு. சும்மா எழுத்து அப்படி விழுந்திருக்கு, அவ்வளவுதான்."

சும்மா விழுமா எழுத்து? ஸும்ராவுக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி. அன்று வீட்டுக்குப் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள். கடலிலிருந்து வந்து வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த கணவன் முபாரிஸ் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இதுக்கா இந்த மூஞ்சி?" என்றான். "நம்மட ஒழுங்கையில பதினாலு வீடு இருக்கு. எல்லாரும் நமக்குச் சொந்தமா? ரெண்டு வீடு சொந்தம், மிச்சம் அயல். அதுக்காக நம்ம ஒழுங்கையை விட்டுட்டா போறோம்?"

படிக்காத மனிதன் சொன்ன பேச்சு அவளுக்குப் பிடித்துக்கொண்டது. அடுத்த நாளே கொப்பியின் எல்லாப் பக்கத்துக்கும் நடுவால் கோடு இழுத்தாள். இடப்பக்கம் சொந்தம், வலப்பக்கம் அயல். சேமக்காலையையும் குவான்டிட்டியையும் அயல் பக்கத்துக்குக் குடியேற்றினாள். பொருள் ஒட்டாமல் துருத்திக்கொண்டு நின்ற சொற்களை எல்லாம் ஷானிகாவிடம் கேட்டுக் கேட்டு, பக்கம் பார்த்துப் போட்டாள். இரவு இஷாத் தொழுகைக்கு முன்பும் விடிய சுபஹுத் தொழுகைக்குப் பின்பும் உட்கார்ந்தாள். முபாரிஸ் கொப்பியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பரிசோதகர் வேலை பார்த்தான். அவனுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் அவள் இழுத்தால் "பிழை" என்றும், சட்டென்று சொன்னால் "சரி" என்றும் தீர்ப்பு வழங்கினான். பத்தில் எட்டுத் தீர்ப்பு சரியாகத்தான் இருந்தது.

சோதனை நாள் காலை கிளைட்டன் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். ஷானிகா ஓரமாக நின்றாள். ஸும்ரா உட்காரவில்லை. ஓதிய இடத்திலும் நின்றுதான் ஒப்புவித்துப் பழக்கம். கிளைட்டன் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே போனாள். தெரிந்ததைச் சொன்னாள். தெரியாத இடத்தில் வாயை மூட மனம் வரவில்லை. வேலை கைநழுவிவிடும் என்ற பயத்தில் அதற்கும் எதையாவது சொன்னாள். கிளைட்டன் முகத்தைக் காட்டாமல் சரியும் பிழையும் குறித்துக்கொண்டே வந்தார்.

நாற்பத்தேழாவதாக 'கொன்சன்ட்ரேஷன்' கேட்டார்.

ஸும்ரா கண்ணை மூடிக் கொப்பியின் பக்கத்தைக் கண்ணுக்குள் கொண்டுவந்தாள். "ஒரு தொட்டித் தண்ணிக்கு மருந்து எவ்வளவு பங்கு எண்டு சொல்றது, சேர்."

"சரி," என்றார் கிளைட்டன். மூன்று சொல் கழிந்ததும் பென்சிலால் எண்ணிப் பார்த்தார். இன்னொரு தடவை எண்ணினார். "நாப்பது. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. நாளைக்கு ஏழரைக்கு லேபுக்கு வாங்க."

ஸும்ராவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பின்பக்கக் கிணற்றடிக்கு வந்து முகத்தைக் கழுவினாள், அழுதாள், மறுபடியும் கழுவினாள். ஷானிகா ஓடிவந்து கட்டிப்பிடித்தாள்.

"கொன்சன்ட்ரேஷன் நான் உங்களுக்குச் சொல்லித் தரவே இல்லையே! விட்டுப் போயிருந்திச்சு. அது கேட்கக்க எனக்கு நெஞ்சு பக்கெண்டிச்சு. எப்படிச் சொன்னீங்க?"

ஸும்ரா கொப்பியை விரித்துக் காட்டினாள். 'ரேஷன்' பக்கம். சுவரில் ஒட்டியிருந்த தீன் அட்டவணையில் கண்ட சொல் அது. குஞ்சுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தீன் என்று பங்கிடுவது. அதே எழுத்துகளைக் கொன்சன்ட்ரேஷனின் வாலிலும் கண்டு, மருந்தைப் பங்கிடுவது என்று அவளாகவே சொந்தப் பக்கத்தில் எழுதியிருந்தாள். பொருள் அழகாக ஒட்டியது. ஒட்டியதால் யாரிடமும் கேட்கவில்லை.

ஷானிகா அந்தப் பக்கத்தை வாசித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "இதுவும் அயல்தான் ஸும்ரா. அந்த ரேஷனுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை. ஆனா விடை சரிதானே? வழி பிழை எண்டு யாருக்குத் தெரியும்? விடுங்க."

அவள் போன பிறகும் ஸும்ரா கிணற்றுக் கட்டிலேயே இருந்தாள்.

விடத்தான் பார்த்தாள். முடியவில்லை. ஆறாம் தொட்டி கண்ணுக்கு முன் வந்து நின்றது. போன மார்கழியில் ஷானிகா லீவில் இருந்தபோது தற்காலிகமாக வந்த ஒருவர், போத்தலில் இருந்ததை அரைகுறையாக வாசித்து, மிச்சத்தைத் தன் பாட்டுக்கு ஊகித்து மருந்து ஊற்றிவிட்டார். ஒரு சொல் கேட்டிருந்தால் போதும். கேட்க வெட்கம். விடிய வந்து பார்த்தால் குஞ்சு முழுவதும் தொட்டியின் அடியில் மாவாகப் படிந்திருந்தது. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள், இது இலட்சக்கணக்கு. வாளி வாளியாக அள்ளிக் கொட்டியவள் ஸும்ரா. இரண்டு நாள் தேய்த்தும் மணம் போகவில்லை. ஊற்றியவரை அன்று அவள் வாய்க்கு வந்தபடி ஏசியிருந்தாள்.

இப்போது அவரும் நானும் ஒன்றுதானே என்று நினைத்ததும் அவளுக்கு உடம்பு கூசியது. அவர் ஊகித்தது பிழையாய்ப் போனது, நான் ஊகித்தது பலித்தது. பிழை விட்டவரை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பலித்தவளை யார் பிடிப்பார்கள்? தலைச்சீலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

கிளைட்டன் சாப்பாட்டுப் பார்சலைக் கையில் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்ட நேரம் அவள் ஆய்வுகூட வாசலில் நின்றாள்.

"சேர், ஒண்டை வெட்டுங்க. கொன்சன்ட்ரேஷன். அது நான் ஊகிச்சது."

"என்ன கதை இது? விடை சரி."

"விடை சரி. எனக்குத் தெரிஞ்சு சொல்லல்ல." கொப்பியை நீட்டி நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள்.

கிளைட்டன் பார்சலை மேசையில் வைத்தார். கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று அவருக்கே தெரியாத ஒரு முகம். "வெட்டினா முப்பத்தொன்பது. முப்பத்தொன்பதுக்கு வேலை இல்ல. அது தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் வந்தீங்க? உங்களுக்கு இந்த வேலை வேணாமா?"

"வேணும் சேர்!" என்றாள் ஸும்ரா. குரல் அவளை மீறி உயர்ந்துவிட்டது. "வேணும் எண்டுதான் வந்தன். மூண்டு கிழமை நான் நித்திரை கொள்ளல்ல. ஆனா சேர் இண்டைக்குச் சரி போட்டுட்டீங்க, இனி நானும் எனக்குத் தெரியும் எண்டு நம்பிடுவன். நாளைக்கு வேறொரு போத்தலிலயும் இப்படித்தான் உறவு கொண்டாடுவன். ஆறாம் தொட்டியை அள்ளினது நான். இன்னொருக்கா என்னால அள்ள ஏலாது."

கிளைட்டன் பார்சலைப் பார்த்தார். ஸும்ரா வாசலை விட்டு நகரவில்லை.

"இன்னொருக்காக் கேளுங்க. அம்பது இல்ல, லிஸ்ட் முழுக்கக் கேளுங்க. நூத்திப் பன்னிரண்டையும். இந்தமுறை ஒண்டையும் ஊகிக்க மாட்டன்."

"எனக்குப் பசிக்குது, தங்கச்சி."

"சாப்பிட்டுக்கொண்டு கேளுங்க. நான் நிக்கிறன்."

அப்படித்தான் நடந்தது. கிளைட்டன் ஒரு கையால் சோற்றைப் பிசைந்துகொண்டு, மறு கையால் பக்கத்தைப் புரட்டிக் கேட்டார். சத்தம் கேட்டு வந்த ஷானிகா கணக்கு வைத்தாள். ஐந்தாம் சொல்லில் ஸும்ரா நின்றாள். காலையில் என்றால் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பாள்.

"அல்லாஹு அஃலம்," என்றாள்.

"அது என்ன கருத்து?"

"தெரியாது எண்ட கருத்து, சேர். நாங்க கிதாபு ஓதுற இடத்தில அப்படித்தான் சொல்லுவோம். எவ்வளவு பெரிய ஆலிமும் தெரியாத இடத்தில அதைச் சொல்லிட்டு நிப்பாட்டிடுவார். அதில வெட்கம் இல்ல."

"இஞ்ச 'தெரியாது' எண்டே சொல்லுங்க. எனக்கு எழுத லேசு."

ஒன்றரை மணிநேரம் எடுத்தது. சோறு முடிந்து, கை கழுவி, தேநீரும் குடித்து முடித்தார் கிளைட்டன். நின்ற இடத்தில் ஸும்ராவின் கால் விறைத்தது. சில சொற்கள் நாக்கு நுனிவரை வந்து நின்றன. எழுத்துகள் சொந்தம்போலச் சிரித்தன. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு "தெரியாது" என்றாள். தெரிந்ததைச் சொல்வதைவிட அது கஷ்டமாக இருந்தது. கேட்டுக் கேட்டு வந்தவர் கொன்சன்ட்ரேஷனில் ஒரு கணம் நின்று அவளைப் பார்த்தார். கருத்து இப்போது அவளுக்குத் தெரியும்தான். ஆனாலும் இன்று காலை தற்செயலாகக் கிடைத்ததைக் கணக்கில் சேர்க்க மனம் ஒப்பவில்லை.

"அதைத் தெரியாததிலேயே போடுங்க சேர்," என்றாள்.

ஷானிகா கூட்டிப் பார்த்தாள். "தொண்ணூறு சரி. பத்தொன்பது தெரியாது. மூண்டு பிழை."

"எந்த மூண்டு?" என்று ஸும்ரா உடனே கேட்டாள். ஷானிகா வாசிக்க, அவற்றையும் தெரியாததன் கீழே எழுதிக்கொண்டாள். ஆக மொத்தம் இருபத்திரண்டு.

கிளைட்டன் போனை எடுத்துக் கணக்குப் போட்டார். "எண்பது வீதம். அம்பதுக்கு நாப்பது எண்டாலும் எண்பது வீதம்தான்." போனைக் கவிழ்த்து வைத்தார். "முதலாளி கேட்டா நான் பதில் சொல்றன். ஷானிகாவின்ட வெள்ளைக் கோட்டை எடுங்க. உங்களுக்குக் கொஞ்சம் நீளம், மடிச்சுத் தைக்க வேணும்."

ஸும்ரா கோட்டை எடுக்கவில்லை. "மருந்து அலுமாரித் திறப்பைத் தாங்க சேர்."

"இப்பவேயா?"

"இந்த இருபத்திரண்டில ஒன்பது சொல்லு போத்தல்ல எழுதியிருக்கு. எனக்கு அது விளங்குற வரைக்கும் என்ட கை அதில படக்கூடாது. அவசரத்தில மறந்துடுவன்."

திறப்பை வாங்கி அலுமாரியைத் திறந்தாள். முதலுதவிப் பெட்டியிலிருந்த வெள்ளைப் பிளாஸ்டரைத் துண்டு துண்டாக வெட்டி, கொப்பியைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு போத்தலாகத் தேடி ஒட்டினாள். ஒவ்வொன்றிலும் பேனையால் 'தெரியாது' என்று எழுதினாள். புது வேலை கிடைத்த நாளில் எல்லோரும் தெரிந்ததைத்தான் காட்டுவார்கள்; இவள் தெரியாததை ஊரறிய ஒட்டிக்கொண்டிருந்தாள். ஷானிகா சிரிக்கவில்லை.

ஒன்பதாவதையும் அழுத்தி ஒட்டிவிட்டு அலுமாரியை மூடப்போனாள். கிளைட்டன் எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டார். மேல்தட்டின் பின்பக்கத்துக்குள் கையை விட்டு, ஒரு பழுப்புப் போத்தலை எடுத்து அவள் முன் வைத்தார்.

"இதுக்கும் ஒண்டு ஒட்டுங்க."

ஸும்ரா லேபிளை வாசித்தாள். கொப்பியைப் பார்த்தாள். "இது என்ட லிஸ்டில இல்லையே, சேர்."

"உங்கட லிஸ்டில இல்ல," என்றார் கிளைட்டன். "என்ட லிஸ்டில இருக்கு."

ஸும்ரா ஒரு துண்டை வெட்டினாள், எழுதினாள், ஒட்டினாள். பிறகு பிளாஸ்டர் சுருளைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"வேற இருக்கா, சேர்?"

கிளைட்டன் ஷானிகாவைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு இன்னும் இரண்டு போத்தலை எடுத்து வைத்தார்.